இடது கண் தெரியாத குதிரை

அம்மாவுக்குக் காசநோய் என்று தெரிந்த வாரத்திலேயே அப்பா என் துணிகளைத் தகரப் பெட்டியில் அடுக்கினார். எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகவேண்டியவள். சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அப்பாவுக்கு ஷிப்டு வேலை. அம்மாவை ரயிலில் அரை நாள் தூரத்தில் இருந்த சானடோரியத்தில் சேர்த்துவிட்டால் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. அதனால் என்னை வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் விவசாயம் செய்துகொண்டிருந்த அம்மாவின் அண்ணனிடம் விடுவது என்று முடிவாகியிருந்தது. முடிவானதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

பஸ் நிற்கும் இடத்துக்கு மாமா குதிரை வண்டியோடு வந்திருந்தார். அப்பா என்னையும் பெட்டியையும் ஒப்படைத்துவிட்டு, எதிரில் வந்த சேலம் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார். மத்தியானம் அவருக்கு டியூட்டி. அழக்கூடாது என்று நினைத்தேன். கையில் எதையாவது பிடித்துக்கொண்டால் அழாமல் இருக்கலாம் என்று தோன்றியது. நேராகப் போய்க் குதிரையின் கழுத்தில் கை வைத்தேன். அது துள்ளி ஒதுங்கியதில் வண்டியே ஒரு பக்கம் இழுபட்டது.

"அந்தப் பக்கம் கண்ணு தெரியாது அம்மிணி. இக்கட்ட வா" என்றார் மாமா.

அவ்வளவுதான் சொன்னார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. வண்டியில் போகும்போது நானாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அது பெண் குதிரை. முன்பு சேலம் ஜங்ஷனில் ஜட்கா இழுத்துக்கொண்டிருந்தது. எவரோ ஒரு வண்டிக்காரன் வீசிய சாட்டையின் நுனி இடது கண்ணில் பட்டு அந்தக் கண் போய்விட்டது. ஒற்றைக் கண் குதிரை டவுனுக்கு ஆகாது என்று தள்ளிவிட்டதை மாமா ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பெயர் என்ன என்று கேட்டேன். குதிரைக்கு எதற்குப் பெயர் என்றார்.

மாமாவின் வீடு ஊருக்குள் இல்லை. தோட்டத்துக்கு நடுவில் தனியாக இருந்தது. ஒரு பக்கம் நிலக்கடலை, ஒரு பக்கம் சோளம், கிணறு, நாலு தென்னை. அடுத்த வீட்டின் ஓடு சோளம் அறுத்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். குவார்ட்டர்ஸில் ராத்திரி பகல் எந்நேரமும் என்ஜின் சத்தத்திலேயே வளர்ந்தவள் நான். அங்கே மத்தியானத்தில் கிணற்று மோட்டார் நின்றுவிட்டால் என் காதுக்குள்ளேயே ஏதோ ரீங்காரம் கேட்கும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அத்தை நேரத்துக்குச் சோறு போட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். ஆனால் நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டால் உடம்பு விறைத்துக்கொள்ளும். மெதுவாக என் கையை விலக்கி, "வேல கெடக்குது" என்று போய்விடுவாள். எனக்கு அது ஒரு அடியைப் போல இருந்தது. என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். வெண்ணந்தூரில் தறி நெய்கிற வீட்டுப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டாள். முதல் நாளே அவள்தான் என் சிநேகிதி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். என் பென்சிலை அவள் பைக்குள் போட்டேன். அவள் வேறு யாரோடாவது பேசினால் தொடையில் கிள்ளினேன். மூன்றாவது வாரம் அவள் டீச்சரிடம் சொல்லி இடம் மாறிக்கொண்டாள். இடைவேளைகளில் நான் வருவதைக் கண்டால் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். நான் தேடிக் கண்டுபிடிப்பேன். அதைத் துரத்தல் என்று நான் நினைக்கவே இல்லை. அன்பு என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஆகவே மிஞ்சியது குதிரை. ஓடிப்போக அதற்கு இடமில்லை. மாட்டுக் கட்டுத்தரையின் ஓரத்தில் கயிற்றில் கட்டிக் கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுப்படியிலிருந்து வெல்லத்தை எடுத்துக்கொண்டு அதனிடம் போவேன். வெல்லத்தைத் தின்னும். தின்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனக்குக் கோபம் வரும். கொடுத்ததற்குப் பதிலாக அது என் பக்கத்தில் நிற்கவேண்டாமா? கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போவேன், பின்னால் நகரும். கயிறு முடிகிற இடம் வரை நகர்த்திக்கொண்டே போவேன்.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம், அது கொள்ளு தின்றுகொண்டிருந்தபோது, இதுதான் சமயம் என்று சத்தமில்லாமல் போய்ச் சட்டென்று கட்டிப்பிடித்தேன். போனது இடது பக்கமாக. அது உடம்பை வீசித் திரும்பியதில் கல்தூணில் போய் மோதினேன். கீழே விழுந்தபோது இடது கை உடம்புக்கு அடியில் இருந்தது. எலும்பு முறிந்த சத்தத்தை நானே கேட்டேன்.

மாமா ஓடிவந்து தூக்கினார். எனக்கு வலியைவிட ஆத்திரம் அதிகம்.

"அத அடிக்க மாட்டீங்களா மாமா?" என்று கேட்டேன்.

அவர் குதிரையைப் பார்த்தார். அது தூணுக்கு அந்தப் பக்கம் கால்கள் நடுங்க ஒடுங்கி நின்றிருந்தது.

"அது உன்னையப் பாக்கவே இல்லையே சாமி" என்றார்.

அன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு ஆறுதலாக இல்லை. யாருமே என்னைப் பார்க்கவில்லை என்றுதான் காதில் விழுந்தது. பக்கத்து ஊரில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுகிற வைத்தியர் முட்டையும் உளுந்து மாவும் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ஒன்றரை மாதம் அசைக்கக்கூடாது, பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒன்றரை மாதம்தான் என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகச் சும்மா இருந்த காலம். மாமா கடலைக் காட்டுக்குள் இருப்பார். அத்தை களை எடுக்கிற ஆட்களோடு போய்விடுவாள். வீட்டில் நான் மட்டும். ஓடமுடியாது, ஏறமுடியாது. கட்டுத்தரைக்கு எதிரில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருப்பேன். குதிரையோடு எனக்குச் சண்டை. அதனால் அதன் பக்கம் போகாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு பேசுகிறது என்று தெரிந்தது. காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். வலது காது கண்ணோடு போகும். இடது காது மட்டும் தெரியாத பக்கத்தை விடாமல் காவல் காத்துக்கொண்டே இருக்கும். இடது பக்கம் ஒரு கோழி ஓடினால்கூடக் கழுத்துத் தோல் சிலிர்க்கும். மாமா அதனிடம் வரும்போதெல்லாம் தூரத்திலிருந்தே தொண்டையைச் செருமிக்கொண்டு வருவார். அது அவர் பழக்கம் என்று நினைத்திருந்தேன். குதிரைக்காகச் செய்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

நானும் சத்தம் கொடுத்துப் பார்த்தேன். தனியாக என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு வராது. அதைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டே பத்து அடி தள்ளி நடப்பேன். இடது காது என்னோடு கூடவே திரும்பும். காது பின்னால் மடங்கினால் அங்கேயே நின்றுவிடுவேன். ஒரு நாள் பத்து அடி, நாலைந்து நாள் கழித்து எட்டு அடி. சில நாள் மறுபடி பன்னிரண்டு. ஏன் என்று தெரியாது. அதற்கு ஏதோ காரணம் இருக்கும்.

கட்டுப் பிரிப்பதற்குச் சில நாட்களுக்கு முன், தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். மாமா அதைத் தண்ணீருக்காக அவிழ்த்துவிட்டிருந்தார். அது தண்ணீர் குடித்து முடித்து, முகவாயில் நீர் சொட்டச் சொட்ட, நின்ற இடத்திலிருந்து கழுத்தை நீட்டி என் கைக்கட்டை மோந்தது. மூச்சுக் காற்று சூடாக முழங்கை வரை வந்தது. நல்ல கையைத் தூக்கித் தொடலாமா என்று நினைத்தேன். தூக்கவில்லை. கொஞ்ச நேரம் மோந்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டது. குவார்ட்டர்ஸை விட்டு வந்து அன்றைக்கு நாலு மாதம். என்னிடம் ஒரு உயிர் தானாக வந்தது அதுதான் முதல் தடவை.

கை சரியானதும் மாமா ஒரு பிடி தேங்காய் நாரைக் கொடுத்து, "தேச்சுடறயா?" என்று கேட்டார். உத்தரவாக இல்லை, கேள்வியாகத்தான் கேட்டார். அதன் பிறகு அந்த வேலை என்னுடையதாகிவிட்டது. வலது தோளில் ஆரம்பிக்கவேண்டும். வயிற்றுக்கு அடியில் அதற்குப் பிடிக்காது. வால் ஒரு சுண்டு சுண்டினால் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு இழுப்புக்கூடக் கூடாது. முதலில் அந்தப் 'போதும்' எனக்குக் கசந்தது. ஆனால் இன்றைக்குப் போதும் என்ற குதிரை நாளைக் காலையில் தோளைக் காட்டிக்கொண்டு நிற்கும். வேண்டாம் என்று சொன்னால் ஒரேயடியாக விட்டுப்போவதாக அர்த்தம் இல்லை என்று பத்து வயதில் எனக்குச் சொன்னது அதுதான். மனிதர்கள் யாரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பள்ளிக்கூடம் திரும்பியதும் தறி வீட்டுப் பெண்ணிடம் போய், பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். சரி என்று பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்த வருஷம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்தேன். ஒரு முறை மட்டும், என் கையை முறித்த குதிரையைப் பார்க்கவேண்டும் என்று அவளே கேட்டு, சனிக்கிழமை தோட்டத்துக்கு வந்தாள். சத்தம் கொடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று சொன்னேன். "நான் வாரேன், நான் வாரேன்" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே நடந்தாள். பாதியில் நின்று, பயமாக இருக்கிறது, போதும் என்றாள். பழைய நானாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். போதும் என்றால் போதும் என்று வரப்பு வரை கூடப்போய் வழியனுப்பினேன். மறுபடி அவள் வரவில்லை. ஆனால் என்னைக் கண்டு ஒளிவதை விட்டுவிட்டாள்.

இதையெல்லாம் கற்றுக்கொண்டேன் என்று எழுதுவது சுலபம். அந்தப் பொங்கல் சமயத்தில் நடந்ததையும் எழுதவேண்டும். பொங்கலுக்கு அம்மா வந்துவிடுவாள் என்று அப்பா சொல்லியிருந்தார். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு கார்டு வந்தது. டாக்டர் இன்னும் விடவில்லை, அப்பாவுக்கும் லீவு இல்லை. நான்கு வரி. அதைப் படித்துவிட்டு வண்டிக் கொட்டகைக்குள் போனேன். குதிரை வாங்கியபோது வண்டியோடு வந்த பழைய சாட்டை அங்கே ஆணியில் தொங்கியது. மாமா அதைத் தொட்டதே இல்லை. எடுத்துக்கொண்டு போய்க் குதிரைக்கு முன்னால் நின்று ஓங்கினேன்.

அடிக்கவில்லை. அடிப்பதாக இருந்தேனா என்று இன்றைக்கும் தெரியாது. அது உதைக்கும், திமிறும் என்று எதிர்பார்த்தேன். அது எதுவும் செய்யவில்லை. தலையைத் தாழ்த்தி, தெரிகிற அந்த ஒரு கண்ணையும் மூடிக்கொண்டு, அடிக்காகக் காத்து நின்றது. தொடைகள் மட்டும் நடுங்கின. நின்ற இடத்திலேயே மூத்திரம் பெய்தது.

சாட்டையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினால், கிணற்றடியில் அத்தை குடத்தோடு நின்றிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து, சாட்டையை எடுத்து இரண்டாக மடித்து, வெந்நீர் அடுப்புக்குள் செருகினாள். தோல் கருகுகிற நாற்றம் வந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எங்கூட்டுல எங்கப்பன் இப்பிடித்தான் ஓங்கிக்கிட்டு நிப்பாரு. அடிச்சது கம்மிதான். ஓங்குனதுதான் போவ மாட்டேங்குது. இன்னும் ஆராச்சும் பின்னாலருந்து தொட்டா எனக்கு ஒடம்பு தூக்கிப் போடும்."

வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியையும் உள்ளே தள்ளிவிட்டு, "உன்னையப் புடிக்காமயில்ல அம்மிணி" என்றாள்.

அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. நான் அடுப்படிக்குப் போகும்போது வாசலிலேயே, "ஏனுங்கத்த, நான் வாரனுங்க" என்று சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தேன். முதல் தடவை சொன்னபோது திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாள். சில மத்தியானங்களில் அவளாகவே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரிப்பாள். இருவருக்கும் நடுவில் ஒரு முறம் இருக்கும்.

குதிரை என்னை மன்னிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மன்னித்தது என்பது என் வார்த்தை. நான் தேங்காய் நாரோடு போனால் கயிற்றின் கடைசி வரை போய் நின்றுகொள்ளும். மாமா காரணம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுபடி தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன், பன்னிரண்டு அடியிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை அது கஷ்டமாக இருந்தது. முன்பு அதற்கு நான் யாரென்றே தெரியாது. இப்போது தெரியும். மாசியில் தோளை மறுபடி காட்டியது. ஆனால் கையை உயர்த்திப் பிடரியைத் தொடப் போனால் கண்ணை மூடிக்கொள்வது மட்டும் கடைசி வரை போகவில்லை.

சித்திரையில் அம்மா வந்தாள். மாமா வண்டி கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் கூடப் போகவில்லை. தலை பின்னி, பாவாடை மாற்றிக்கொண்டு படலுக்குப் பக்கத்தில் நின்றேன். பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதை எத்தனையோ நாளாக மனதுக்குள் செய்து பார்த்திருந்தேன். வண்டி நின்றது. முதலில் அப்பா இறங்கினார். பிறகு இறங்கியவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தார்கள். கன்னம் உள்ளே போயிருந்தது. நான் இரண்டு எட்டு வைத்ததும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராத கண்ணு" என்றாள்.

நோய் போய்விட்டது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அப்பா அதைச் சொன்னார். அம்மா கேட்கவில்லை. அவள் முதுகு வண்டிச் சக்கரத்தில் இடித்துக்கொண்டு நின்றது, அதற்கு மேல் நகர இடமில்லை. மாமாவும் அத்தையும் தரையைப் பார்த்தார்கள். ஆனால் அப்படி நகர இடமில்லாமல் நிற்கிறவர்களைப் பார்த்து எனக்குப் பழக்கமாகியிருந்தது. அவள் கண்ணுக்குத் தெரிகிற இடமாக, கொஞ்சம் தள்ளி, தரையில் உட்கார்ந்தேன். நான் ஆறாவது பாஸாகிவிட்டதைச் சொன்னேன். ஆறாவது பாஸாகவில்லை, ஆறாவதுக்குப் போகிறாய் என்று அப்பா திருத்தினார். கை முறிந்ததைச் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது. கவலைப்படுவாள் என்று யாரும் எழுதவில்லை.

"எந்தக் கை?" என்று கேட்டாள்.

இருந்த இடத்திலிருந்தே தூக்கிக் காட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மாமா வீட்டில் அவள் ஒரு மாதம் தங்கினாள். தனித் தட்டு, தனித் தம்ளர், கொட்டகைப் பக்கத்து அறையில் தனிப் படுக்கை. எல்லாம் அவளாக வைத்துக்கொண்டது. நான் அறைக்குள் போகவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து பாடப் புத்தகம் படிப்பேன். எழுந்து போகும்போது போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேன். மூன்றாவது வாரம் ஒரு காலையில் நான் படித்துக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து வந்து நிலைப்படியின் மறுபக்கம் உட்கார்ந்தாள். என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு விரலால் தடவிக்கொண்டே போனாள். எலும்பு ஒட்டிய இடத்தில் சின்ன மேடு இருக்கும். விரல் அங்கே நின்றது. நான் படிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எடுத்துவிடுவாளோ என்று பயம்.

வைகாசியில் சூரமங்கலம் திரும்பினோம். மாமாதான் வண்டி ஓட்டினார். பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது குதிரையின் வலது பக்கம் போய் நின்றேன். அது திரும்பிப் பார்க்கும் என்று ஒரு நினைப்பு. மாமா போட்ட சோளத் தட்டை மென்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்கவில்லை. நான் போவது அதற்கு எப்படித் தெரியும்? பஸ் வரும் வரை அங்கேயே நின்றேன், தொடவில்லை.

அம்மா அதன் பிறகு வெகு காலம் இருந்தாள். கட்டிக்கொண்டு கொஞ்சுகிற தாயும் மகளுமாக நாங்கள் ஆகவே இல்லை. எங்களுக்குள் எப்போதும் ஒரு நாலடி இருந்தது. அவள் வரவேண்டிய நாலடி, நான் வரவேண்டிய நாலடி என்று முறை வைத்துக் கடந்துகொண்டோம். தனிமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதோடு இருக்கத் தெரிந்தது, அவ்வளவுதான்.

எண்பதுகளின் ஆரம்பத்தில், நான் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது மாமாவிடமிருந்து கார்டு வந்தது. மழை இல்லை, கடலை சுமார், அத்தைக்குச் சௌகரியம். கடைசியில், குதிரை போன வியாழக்கிழமை இறந்துவிட்டது, தென்னைக்கு அருகில் புதைத்தோம் என்று எழுதியிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறையில் கூட இருந்த பெண் புதிதாக வந்தவள். என்ன என்று கேட்டாள். குதிரை என்று சொல்ல வாய் வரவில்லை. ஊரில் ஒருவர் தவறிவிட்டார் என்றேன். யார், எப்படி என்று அவள் கேட்கவில்லை. எழுந்து வந்து தோளைத் தொடவும் இல்லை. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தன் கட்டிலிலேயே, சாப்பாட்டு மணி அடிக்கும் வரை சும்மா உட்கார்ந்திருந்தாள்.